கிரீஸ் கை

நம்முடைய பத்திரிகைகளில் பறை வந்திருக்கிறது. செருப்பு வந்திருக்கிறது. வயலும் மலக்குழியும் சுடுகாடும் வந்திருக்கின்றன. வர வேண்டியவைதான். லாரிப் பட்டறை மட்டும் ஏனோ வரவில்லை. தென்மாவட்டங்களில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பதினான்கு, பதினைந்து வயதில் போய்ச் சேர்கிற இடம் அது. முப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் என்ற முறையில் அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு டயர் டிரெய்லர் ஒன்றை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புவதற்கு முன்னால் எப்படித் தயார் செய்கிறோம், அதைச் செய்கிறவன் யார், அவன் வாய்ச்சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு என்பதுதான் நான் சொல்ல வந்தது. சில சாமான்களின் பெயரைச் சொல்லாமல் இந்த வேலையைப் பேச முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் புளியங்குடி. 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். எலுமிச்சங்காய்க்குப் பேர்போன ஊர். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கொடுத்துவிட்டார்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற ரோடு ஊரை இரண்டாக வகுந்துகொண்டு போகிறது. முன்னே 208 என்றார்கள், இப்போது 744. அந்த ரோட்டோரத்துப் பட்டறையில்தான் நான் வளர்ந்தேன். நாங்கள் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், பட்டறையில் கிங் பின், ஹப், லைனிங், ஸ்லாக்கு என்று இன்னொரு பாஷை. அந்த மூன்றாவது பாஷையில்தான் எனக்குப் பயம் இல்லாமல் பேச வரும். அதில் யாரையும் ‘ஐயா’ என்று சொல்ல வேண்டியதில்லை.

என் தாத்தா தோல் வேலை செய்தவர். செத்த மாட்டை ஊரை விட்டு இழுத்துக்கொண்டு போவது, உரிப்பது, சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் ஊறப்போட்டுப் பதம் பண்ணுவது எல்லாம் எங்கள் தெருவின் வேலை. அந்தத் தோலில்தான் கமலைக்கு வால் தைத்தார்கள். கிணற்றிலிருந்து கூனையில் ஏறி வருகிற தண்ணீர் அந்த வால் வழியாகத்தான் வாய்க்காலில் விழும். ஊரே அந்தத் தண்ணீரில் வெள்ளாமை செய்தது, அது தீட்டு இல்லை. வால் தைத்தவர் கிணற்றுப் படியில் கால் வைத்தால் தீட்டு. மாட்டு வண்டிக்கும் அதே கதைதான். நுகத்தடியை ஏர்க்காலோடு இறுக்கிக் கட்டுகிற வார், மாட்டுக் கழுத்துப் பட்டை, சாட்டை என்று இழுக்கிறதையும் இழுபடுகிறதையும் சேர்க்கிற இடத்தில் எல்லாம் எங்கள் தாத்தாக்களின் கை இருந்தது. வார் அறுந்தால் மாடு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். சந்தைக்குப் போகிறவர்கள் முதல்நாள் சாயங்காலமே வந்து எங்கள் தெரு முனையில் நின்று, உள்ளே வராமல், ‘ஏலே, வார இழுத்துப் பாத்துட்டியாலே’ என்று கேட்பார்களாம். பேரன் வயசுப் பையனும் அப்படித்தான் கேட்பானாம்.

வடத்தைத் தொடுவது யார் என்பது இந்த நாட்டில் சின்ன விஷயம் இல்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமையைத் தலித்துகள் கேட்டதால் 1990களின் கடைசியில் தேரோட்டமே சில வருஷம் நின்றுபோனது. அப்புறம் வழக்கு, உத்தரவு, பேச்சுவார்த்தை. 2024இல் தேர் ஓடியபோதும் வடம் பிடித்தவர்களைச் சுற்றிப் போலீஸ் நின்றது. நான் சொல்கிற வடம் சாமி ஏறாத வண்டியின் வடம், அதனால் எங்களுக்கு விட்டுவிட்டார்கள்.

கமலை போய் மோட்டார் வந்ததும் தோல் வேலை நின்றது. அய்யாவும் சித்தப்பாவும் செங்கல் சூளைக்கு டிராக்டரில் கல் ஏற்றப் போனார்கள். டிராக்டருக்கும் அதன் பின்னால் கட்டுகிற டிரெய்லருக்கும் நடுவில் ஒரு கொக்கி, அதில் ஒரு பின். அந்தப் பின்னைப் போடுவதற்கு ஒரு ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டிராக்டர் பின்னால் வரும். ஓட்டுகிறவனுக்கு நடுவில் நிற்கிறவன் சரியாகத் தெரியாது. அந்த ஆளாக எப்போதும் நின்றது எங்கள் சித்தப்பா. வலதுகையில் இரண்டு விரல் அப்படித்தான் போயிற்று. சூளைக்காரர் ஆஸ்பத்திரிக்கு பஸ் காசு கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் வேறொருவர் நடுவில் நின்றார், கல் போய்ச் சேர்ந்தது.

எட்டு விரலோடு சித்தப்பா லாரிப் பட்டறைக்கு வந்தார். 1993இல் ஒன்பதாம் வகுப்பை விட்டுவிட்டு நானும் அவர் பின்னால் போனேன். எனக்கு வாத்தியார் அவர்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். இருபத்திரண்டு டயர் என்றால் இழுக்கிற வண்டிக்குப் பத்து, பின்னால் மூன்று அச்சில் டிரெய்லருக்குப் பன்னிரண்டு. வண்டியும் சரக்குமாகச் சேர்த்து 49 டன் வரை போகலாம் என்று முன்பு சட்டம் இருந்தது. 2018இல் அதை 55 டன் ஆக்கினார்கள். ரோட்டையும் பாலத்தையும் பற்றி எல்லோரும் பேசினார்கள். பிரேக்குக்கு அடியில் படுக்கிறவனைப் பற்றி யாரும் பேசவில்லை. 55 டன் என்றால் எங்கள் ஊர்க் கணக்கில் ஐம்பது கிலோ எலுமிச்சை மூட்டை ஆயிரத்து நூறு. அத்தனையும் ஒரே ஒரு முளையை நம்பிப் போகிறது.

அந்த முளைக்குத்தான் கிங் பின் என்று பேர். டிரெய்லரின் முன்பக்கம் அடியில் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு அங்குல மொத்தம், பாரம் கூடின வண்டிகளில் மூன்றரை அங்குலம். இழுக்கிற வண்டியின் முதுகில் இருப்பது டர்ன் டேபிள் என்கிற இரும்புத் தட்டு. தட்டின் நடுவில் தாடை மாதிரி ஒரு பூட்டு. வண்டி பின்னால் வந்து தட்டு டிரெய்லருக்கு அடியில் நுழையும்போது முளை தாடைக்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். டக்கென்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டதும் கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற டிரைவர்கள் உண்டு. சித்தப்பா விட மாட்டார்.

‘சத்தத்த நம்பாதலே. டிரெய்லர் ஒசரமா நின்னிச்சின்னு வையி, முளை தாடைக்கு மேல ஏறி உக்காந்துக்கிடும். வெளிய நின்னு பாத்தா மாட்டுன மாரியே இருக்கும். மொத ஏத்தத்துல வுட்டுட்டுப் போயிரும். உள்ள போயி லைட்டு அடிச்சிப் பாரு. தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியப்பிடாது. தாடை முளைக்குப் பின்னால மூடியிருக்கணும்.’

பார்த்த பிறகும் முடியாது. டிரெய்லருக்கு மட்டும் பிரேக்கைப் போட்டுவிட்டு, தாழ்ந்த கியரில் வண்டியை முன்னால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வராவிட்டால்தான் மாட்டியதாக அர்த்தம். அதுவரைக்கும் டிரெய்லரின் முன்கால்களை மேலே சுற்றக் கூடாது. சுற்றிய பிறகு கழன்றால் டிரெய்லர் மூக்கு தரையில் குத்தும்.

அடுத்தது காற்று. பெரிய வண்டிகளின் பிரேக் காற்றில்தான் வேலை செய்கிறது. முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு ஹோஸ் போகும். ஒன்று எப்போதும் காற்றை நிரப்பிக்கொண்டே இருப்பது, மற்றது டிரைவர் மிதிக்கும்போது சேதி சொல்வது. முதல் ஹோஸ் அறுந்தால் டிரெய்லர் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அறுக்காமல் லேசாகக் கசிந்தால்தான் ஆபத்து. டேங்கில் காற்று நிறைந்ததும் இஞ்சினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போய்த் தேட வேண்டும். காலையில் டேங்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், காற்றோடு சேர்ந்து வருகிற ஈரம் அங்கேதான் தங்கும்.

சக்கரத்துக்குள்ளே பிரேக் டிரம். அதற்குள் இரண்டு ஷூ, ஷூமேல் லைனிங். மிதிக்கும்போது காற்று ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி ஸ்லாக்கைத் திருப்பும், ஸ்லாக்கு உள்ளே இருக்கிற கேமைத் திருப்பும், ஷூ விரிந்து டிரம்மைக் கவ்வும். லைனிங் தேயத் தேய கம்பி போக வேண்டிய தூரம் கூடும். அதைக் குறைப்பதற்குத்தான் ஸ்லாக்கை முறுக்குவது. சக்கரம் இறுகும்வரை முறுக்கி, பிறகு கால் சுற்று, அரைச் சுற்று பின்னால் விட வேண்டும். ஆறு பக்கமும் ஒரே அளவு. ஒன்று இறுக்கமும் ஒன்று தளர்ச்சியுமாக இருந்தால் இறுக்கமான சக்கரம் மற்றதன் வேலையையும் சேர்த்துச் செய்து வெந்து போகும். தானாகவே இறுகிக்கொள்கிற ஸ்லாக்கு இப்போது வந்துவிட்டது. தேய்ந்துபோன லைனிங்கைப் புதிதாக்குகிற ஸ்லாக்கு இன்னும் வரவில்லை.

டயரைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை, அது தனி ராமாயணம். லிவரால் ஒவ்வொன்றையும் தட்டிக் காதில் வாங்க வேண்டும். ஜோடி டயரில் ஒன்றுக்குக் காற்று குறைந்தால் வெளியே தெரியாது, பக்கத்து டயர் தாங்கிக்கொண்டிருக்கும். நடுவில் சிக்கின கல்லைக் குத்தி எடுக்க வேண்டும். ஹப்பில் கிரீஸ், பேரிங், வீல் நட்டு. பட்டை உடைந்திருக்கிறதா என்று வரிசையாக விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். சரக்கு ஏறிய பிறகு சங்கிலி. சரக்கு அதிகம் பின்னால் போனால் முன்வண்டியின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், அதிகம் முன்னால் வந்தால் முன்வண்டி தாங்காது. கட்டின சங்கிலி பத்து, இருபது கிலோமீட்டர் ஓடினதும் தளரும். சரக்கு தனக்கு வசதியாக உட்கார்ந்துகொள்வதால் வருகிற தளர்ச்சி அது. மறுபடி இறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லா ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். புறங்கை ஏன் என்றால், சுட்டுவிட்டாலும் உள்ளங்கை வேலைக்கு மிஞ்சும்.

இவ்வளவும் செய்ய ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும். மல்லாக்கப் படுத்துதான் பாதி வேலை. சித்திரை மாசம் தார்ரோட்டுச் சூடு முதுகில், மழைக்காலத்தில் சகதி. கண்ணில் துரு விழும். கிரீஸ் நகக்கண்ணுக்குள் போனால் வராது. மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுத் தேய்த்தாலும் ரேகையில் கருப்பாகத் தங்கிவிடும். பட்டறைக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. மிச்சச் சில்லறையை அந்தக் கடைக்காரர் என் கையில் கொடுக்க மாட்டார், பலகைமேல் வைப்பார். ‘கையெல்லாம் கிரீஸா இருக்குலே’ என்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நகத்தைக்கூட வெட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கும் பலகைமேல்தான் வைத்தார்.

கிளீனர் என்ற வார்த்தையே சரியில்லை என்பது என் அபிப்பிராயம். துடைக்கிறவன் என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. பிரேக் பிடிக்கும், பிடிக்காது என்று தீர்ப்புச் சொல்கிறவனுக்குத் துடைக்கிறவன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் செய்கிற எந்த வேலைக்கும் அதிலுள்ள மூளையை மறைக்கிற மாதிரிதான் பேர் அமைகிறது. மாட்டுத்தோலைப் பதப்படுத்துவது எத்தனை நாள், எந்தப் பட்டை, எவ்வளவு சுண்ணாம்பு என்று தாத்தாவுக்குத் தெரிந்ததை ரசாயனம் என்று யாரும் சொன்னதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி மாவட்டத்தைத் தாண்டினால் எனக்கு மூச்சு லேசாகும். கர்நாடகத்தில், மகாராஷ்டிரத்தில், குஜராத்தில் ரோட்டோர ஓட்டலில் நான் வெறும் மதராஸி. கயிற்றுக்கட்டிலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவோம். பக்கத்தில் தமிழ் வண்டி ஒன்று வந்து நிற்கும்வரைக்கும்தான் அந்தச் சுகம். ‘அண்ணாச்சி எந்த ஊரு?’ புளியங்குடி. ‘புளியங்குடில எங்கன? எந்தத் தெரு?’ இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் தெருவைத்தான் கேட்கிறான்.

வண்டிக்குப் பேர் வைப்பதிலும் இதே கதை. முன்கண்ணாடியில் சாதித் தலைவரின் பேர், பின்பலகையில் சாதிப்பட்டம் என்று எழுதிக்கொண்டு எத்தனையோ லாரிகள் ஓடுகின்றன. யாரும் கல் எறிவதில்லை. 1997இல் அரசாங்கமே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பேரை வைத்தது. அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள், தென்மாவட்டமே எரிந்தது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரையே எடுத்துவிட்டார்கள். நான் அப்போது கிளீனர். பஸ் பக்கவாட்டில் பேர் அழிக்கப்பட்ட இடம் மட்டும் புதுப் பெயிண்டாகத் தெரிந்தது நினைவிருக்கிறது.

பயணத்துக்கு முன்னால் பூசை உண்டு. சந்தனம், குங்குமம், பூசணிக்காய், சூடம். பொட்டு வைப்பது முதலாளி வீட்டு ஆட்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள், அது குனிகிற வேலை. வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பும். எங்கள் ஊர்க் காய்தான். எங்கள் தெருப் பெண்கள் முள் குத்திய கையோடு பறித்து, தரம் பிரித்து, சாக்கில் கட்டிய காய். சித்தப்பா ஒருமுறை என் காதோரம் சொன்னார்: ‘பழம் ரெண்டு ரூவா. லைனிங்கு ஆயிரக்கணக்குல. மொதலாளிக்கு ஏன் சாமிமேல இம்புட்டுப் பக்தின்னு இப்பத் தெரியுதா?’

லைசென்சு விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி, ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஏன் நின்றான் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டறையில் அவனுக்குத் தெரியாத வேலை இல்லை, சத்தத்தைக் கேட்டே எந்த ஹப் என்று சொல்வான். அவனுக்கு வயசு வந்தபோது மத்திய மோட்டார் வாகன விதிகளில் எட்டாம் விதி குறுக்கே நின்றது. எட்டாம் வகுப்பு தேறாதவருக்குப் போக்குவரத்து வாகன லைசென்சு கிடையாது. நான் எட்டு தாண்டியவன் என்பதால் எனக்குக் கிடைத்தது. 2019இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதுவரை என்ன நடந்தது? ராத்திரி ஸ்டியரிங் பிடித்தவன் அவன். லைசென்சு வைத்திருந்த வேறொருவர் பக்கத்தில் படுத்துத் தூங்கினார், டிரைவர் பேட்டாவை வாங்கிக்கொண்டார். தம்பிக்குக் கிளீனர் படி. விதி எடுபட்டபோது நல்லதுதானா, படிக்காதவன் ஓட்டினால் விபத்து கூடாதா என்று நம் தோழர்களே சிலர் கேட்டார்கள். போர்டு படிக்க வேண்டும், ரசீது படிக்க வேண்டும், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டிய சமூகமே சான்றிதழைக் கொண்டுவா என்று கேட்பதைத்தான் சொல்கிறேன்.

வேலையை ஒருவனிடமிருந்து தள்ளி வைத்தால் அந்த வேலையே கெட்டுப் போகும் என்பதற்கு அம்பேத்கரின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் இருக்கிறது. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று நாம் படிக்கிற நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1929இல் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட எந்த டாங்காக்காரரும் தயாரில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறேன் என்றார் ஒருவர். மகர் மக்கள், அவமரியாதை ஆகிவிடக் கூடாதே என்று தங்களில் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கம் இல்லை. பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. ஓட்டிய மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்கும் குதிரையைப் பிடிக்க ஒரு கை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது இறக்கத்தைப் பற்றி. வண்டியைத் தயார் செய்வது எல்லாம் இறக்கத்துக்காகத்தான். ஏற்றத்தில் இஞ்சின் திணறினால் வண்டி நிற்கும், ஆள் பிழைப்பான். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிற தொப்பூர் கணவாயை எல்லா டிரைவர்களும் அறிவார்கள். 2020 டிசம்பரில் ஒரு லாரி அங்கே நின்றிருந்த வண்டிகள்மேல் வரிசையாக மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொரு விபத்து, மறுபடியும் நான்கு பேர். வடக்கே போகும்போது புணேக்குப் பக்கம் காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரைக்கும் அதே மாதிரி ஓர் இறக்கம். 2022 நவம்பரில் அங்கே ஒரே டிரக் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்தது. பத்திரிகையில் ஒரே வாசகம்தான் வரும்: பிரேக் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் கணக்கை யார் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழுப் பாரமும் லைனிங்மேல் விழுகிறது. டிரம் சூடேறும். சூடேறினால் இரும்பு விரியும், விரிந்தால் ஷூவிலிருந்து விலகும். லைனிங் நன்றாக இருந்து ஸ்லாக்கும் சரியாக இருந்தால் கம்பிக்கு இன்னும் தள்ள இடம் இருக்கும். தேய்ந்த லைனிங்கில் அந்த இடம் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது. பட்டறையில் மாற்றாமல் விட்ட லைனிங் அந்த இறக்கத்தில் கணக்குக் கேட்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொன்னவர் பேர் எஃப்.ஐ.ஆரில் வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் பேர் வரும்.

2023 பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். தூத்துக்குடியில் சரக்கு ஏற்றி குஜராத் கட்சுக்குப் போக வேண்டும். வண்டி புளியங்குடியில் தயாராகிறது. டிரெய்லரின் மூன்றாவது அச்சைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் லைனிங் ரிவெட்டைத் தொட்டுவிட்டது. நடு அச்சும் கிட்டத்தட்ட அதே கதி. ஓனரிடம் சொன்னேன். ‘ஸ்லாக்க முறுக்கி ஓட்டிட்டு வா, வந்து பாப்போம்’ என்றார். வந்து பார்ப்பதற்கு வண்டி வர வேண்டுமே என்றேன். அவருடைய மகன் பக்கத்தில் நின்றான், என் மகள் வயசு. ‘ஏலே, ஒன்ன ஓட்டத்தான் சொன்னோம், இன்ஸ்பெக்சன் பண்ணவா சொன்னோம்’ என்றான். லைனிங் மாற்றாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சாவியைப் பெஞ்சின்மேல் வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. பலகைமேல் வைக்கிற வழக்கம் எனக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலமே தம்பிக்கு ஆள் போயிற்று. விதி மாறிய பிறகு முறையாகப் படிப்படியாக எழுதிப் போட்டு, அப்போதுதான் அவனுக்கு ஹெவி லைசென்சு வந்திருந்தது. அவன் பேரில், அவன் பேட்டாவில், அவன் ஓட்டப் போகிற முதல் நீண்ட டிரிப். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வட்டிக்கு வாங்கின கடன். நான் அவனிடம் போகவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அவன் பிழைப்பில் நான் எப்படிக் குறுக்கே நிற்பது?

தெருவில் பத்து மணிக்குக் கேட்டதை அப்படியே சொல்கிறேன். தம்பி பட்டறைக்குப் போனான். சாவியை வாங்கவில்லை, லைட்டை வாங்கிக்கொண்டு அடியில் போனான். கால்மணி நேரம் உள்ளேயே கிடந்தான். வெளியே வந்து, ‘அண்ணன் சொன்னது சரிதான் மொதலாளி. மூணாவது அச்சு இல்ல, நாலு பக்கமும் மாத்தணும். இப்பிடியே எடுக்க முடியாது’ என்றான். ஓனர் கத்தினார். எங்கள் இரண்டு பேர் சாதியையும் சேர்த்துச் சொல்லித்தான் கத்தினார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டே நின்றானாம். துறைமுகத்தில் சரக்கு காத்துக்கொண்டிருந்தது, தாமதத்துக்கு அவர் பணம் கட்ட வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு ராஜபாளையத்துக்குச் சாமான் வாங்க ஆள் அனுப்பினார்.

விடிய விடிய நானும் தம்பியும் நாலு டிரம்மைக் கழற்றி லைனிங் அடித்தோம். சித்தப்பாவுக்கு அப்போது கண் மங்கியிருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்லாக்கு முறுக்குகிற சத்தத்தைக் கேட்டு, ‘அந்தா, வலது கடைசிப் பக்கம் இன்னும் அரைக்கால் சுத்து விடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். லைனிங் காசில் ஒரு பகுதியை எங்கள் பேட்டாவில் பிடித்துக்கொள்வேன் என்று ஓனர் சொல்லிவிட்டுப் போனார், பிடித்தும்விட்டார். கேட்டோம், தரவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

காலையில் பழம் வைத்தார்கள். தம்பி ஓட்டினான், நான் இடதுபக்கம் உட்கார்ந்தேன். சங்கரன்கோவில் தாண்டி, கழுகுமலை தாண்டி, கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்து நிழலில் ஓரம் கட்டினோம். அவன் வலதுபக்கமாகவும் நான் இடதுபக்கமாகவும் இறங்கிப் போய் டிரெய்லர் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தோம். ஆறு பக்கமும் ஒரே சூடு.